நேர்காணல் நாளில் தம்ரூட் கொடுத்தது தொடர்பாக

பெயர்: அப்துல் அஜீஸ், தகப்பனார் பெயர் காதர் மொய்தீன். வயது 61. முகவரி: ஈசூனில் உள்ள வீவக என்னும் அரசாங்க அடுக்குமாடி வீடு, மனைவி மகளுடன். தொழில்: தேக்காவில் பயணப்பெட்டி விற்கும் கடை. படிப்பு: உயர்நிலை நான்கு, கணக்கில் தேறவில்லை. தமிழ் தெரிந்த அதிகாரி சார்ஜெண்ட் இல்ஹாம் அவர்களிடம் வியாழக்கிழமை காலை தமிழிலேயே நான் சொல்ல, அவர் பதிவுசெய்துகொண்டது:

வாக்குமூலம் தொடங்கும் முன்பே நடந்த ஒன்றை முதலில் எழுத வேண்டும் என்று சார்ஜெண்ட் கூறுகிறார். நான் காவல் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்ததும், எதிரே இருந்தவர் முகம் வாடித் தெரிந்ததால், பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, "சாப்பிடுங்க தம்பி, வீட்ல செஞ்சது" என்று நீட்டினேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அங்கிள், இது அதே தம்ரூட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அங்கிள், இது எவிடென்ஸ் லா" என்றார். அதன் பிறகு கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி வந்து, பையில் மீதமிருந்த பொட்டலங்களையும் எடுத்து உறையில் போட்டு ஒட்டினார். ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பண்டத்தை, அதை விசாரிக்கிற அதிகாரிக்கே ஊட்டப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. கையில் பண்டம் இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான்.

யும்னா என்னுடைய ஒரே மகள். கிராஞ்சிப் பக்கத்துச் சதுப்புநிலச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். அந்த ஆராய்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. சேற்று வாளிகளைக் கடை வேனில் ஏற்றி வந்தவன் நான்தான். அந்த மாதம் முழுவதும் வாடிக்கையாளர்கள் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்துப் போனார்கள். பட்டம் வாங்கிவிட்டால் வேலை தானாக வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. டென்மார்க்கில் இரண்டு வருடம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வருடம், எல்லாம் தற்காலிகம். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு விண்ணப்பம் போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை போட்டாள் என்று கேட்கக் கூடாது என்பது என் மனைவி பரீதா எனக்குப் போட்ட உத்தரவு.

வந்த பதில்களில் எல்லாம் ஒரே வாக்கியம் இருந்தது. இம்முறை விண்ணப்பித்தவர்களின் தரம் மிக உயர்வாக இருந்ததாம், அதனால் தேர்வு செய்ய இயலவில்லையாம். அப்படியென்றால் தரம் குறைவாக இருந்திருந்தால் உனக்குக் கிடைத்திருக்குமா என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பரீதா அன்று எனக்குக் குழம்பில்லாமல் சோறு வைத்தாள்.

இதற்கிடையில் இங்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் இடம் ஒன்று வந்தது. பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள்தான் போடலாம். யும்னாவுக்கு அந்த ஐந்து வருடம் இந்த வருடக் கடைசியில் முடிகிறது. இது போனால் மறுபடியும் விமானம்தான், எந்த ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரே இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல் போட்டிருந்தார்கள் என்றும், மூன்று பேரை மட்டும் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள் என்றும், அதில் தானும் ஒருத்தி என்றும் யும்னா சொன்னாள். அவள் அழைக்கப்பட்டால் தம்ரூட் செய்து ஓதிப் பங்கிடுவதாகப் பரீதா நேர்ந்துகொண்டிருந்தாள். தம்ரூட் என்பது ரவை, பால், முட்டை, நெய் சேர்த்து அடுப்பில் சுட்டெடுக்கும் இனிப்பு. பாத்திஹா ஓதிப் பங்கிடுவதை நாங்கள் நார்சா என்போம். நார்சாவுக்கு ஒரு முறை உண்டு. ஆள் பார்த்துக் கொடுக்கக் கூடாது. எதிரே வருகிறவருக்கெல்லாம் கொடுக்க வேண்டும். இந்த முறையை இங்கே விளக்கக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை நேர்காணல். யும்னா காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் அவளுடைய மடிக்கணினி அடாப்டர் கிடப்பதைப் பரீதா பார்த்துக் கூச்சல் போட்டாள். நான் யும்னாவுக்கு போன் செய்தேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அத்தா, கொண்டாந்து கொடுத்துட்டு உடனே போயிடுங்க. யார்கிட்டயும் என் ஃபாதர்னு சொல்லாதீங்க. இன்டர்வியூக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தவள்னு பேராயிடும். பிளீஸ் லா." சரி என்றேன். பரீதா அடாப்டரோடு நார்சாப் பையையும் என் தோளில் மாட்டிவிட்டு, "போற வழியில யாரைப் பார்த்தாலும் கொடுங்க, விட்டுடாதீங்க" என்றாள். இப்படி ஒருத்தி யாரிடமும் யாரென்று சொல்லாதே என்றும், இன்னொருத்தி யாரைப் பார்த்தாலும் விடாதே என்றும் சொன்னார்கள். நான் இரண்டையும் செய்யப் பார்த்தேன். அதன் விளைவைத்தான் தாங்கள் இப்போது விசாரிக்கிறீர்கள்.

வழியில் பேருந்து ஓட்டுநருக்கும், பல்கலைக்கழகப் பாதுகாவலருக்கும், எனக்கு வழி காட்டிய துப்புரவுப் பணியாளர் அம்மாளுக்கும் கொடுத்தேன். அவர்கள் மூவரும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். அதன் பிறகு மூன்றாவது மாடிக்குப் போனபோது, நேர்காணல் அறைக்கு வெளியே ஒரு மேசையில் கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய ஏதோ ஒப்புவித்துக்கொண்டிருந்தார். என் கையில் தொங்கிய வயரைப் பார்த்ததும் எழுந்து, "அங்கிள், புரொஜெக்டர் பார்க்க வந்தீங்களா? இந்த ரூம்தான். ஸ்கிரீன் விட்டு விட்டு எரியுது" என்றார். அப்பா என்று சொல்லக் கூடாது என்பது உத்தரவு. வேறு யார் என்று சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே உள்ளே போய், கடையில் பெட்டிப் பூட்டு சிக்கினால் செய்வதுபோல, வயரை அழுத்தி ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்கிரீன் நின்று எரிந்தது. போட்டியாளரின் கருவியில் நான் கை வைத்ததாக ஒரு பேராசிரியர் பின்னர் புகாரில் சேர்த்திருப்பதாக அறிகிறேன். கை வைத்தது உண்மை. அதன் பிறகுதான் அது வேலை செய்தது என்பதும் உண்மை.

அந்த இளைஞரின் பெயர் பிரேம் என்றும், புக்கிட் பாஞ்சாங்கில் மாமனார் வீட்டில் இருக்கிறார் என்றும் பேச்சில் தெரிந்தது. முதல் பேச்சு அவருடையது, மத்தியானம் யும்னாவுடையது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "டென்ஷன்ல ஒண்ணும் இறங்கல அங்கிள். இதுதான் எனக்குக் கடைசி சான்ஸ், இந்த வருஷத்தோட அஞ்சு வருஷம் முடியுது. ரெண்டு இடத்துல பார்ட் டைமா கிளாஸ் எடுக்கிறேன், மிச்ச நேரம் டியூஷன். மாமனார் புளோக்குல எல்லார்கிட்டயும் 'டாக்டர் மாப்பிள்ள'ன்னு பெருமையா சொல்றாரு. கரண்ட் பில் வந்தா மட்டும் நான் பார்க்காத மாதிரி ஒளிச்சு வெச்சுடுறாரு" என்று சிரித்தார். போட்டி எப்படி என்று, ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன். "யும்னான்னு ஒருத்தவங்க. அவங்க எழுதினது எல்லாம் படிச்சிருக்கேன். நல்லா செஞ்சிருக்காங்க, அதான் பயமா இருக்கு" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முகத்தை வயர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவர் என் மகளோடு போட்டியிடுபவர் என்பது கொடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். சார்ஜெண்ட் இதை இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் ஆமாம் என்றேன். தெரிந்ததும் பைக்குள் போன கை ஒரு நொடி நின்றது என்பதும் உண்மை. ஆனால் ஆள் பார்த்து நிறுத்தினால் அது நார்சா ஆகாது. பரீதா நேர்ந்தது கெட்டுவிடும். மகளுக்காக நேர்ந்ததை மகளுடைய போட்டியாளருக்கு மறுத்துவிட்டு, பிறகு எந்த முகத்தோடு கேட்பது? ஆகவே எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, "நட்ஸ் ஏதாவது இருக்கா அங்கிள்? எனக்கு ஆகாது" என்று கேட்டார். "ரவை, பால், முட்டை, நெய். வேற ஒண்ணும் இல்ல, தைரியமா சாப்பிடுங்க" என்றேன். நானே கிண்டியவன்போலச் சொன்னேன். எங்கள் வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூட எனக்குத் தெரியாது.

தம்ரூட்டில் முந்திரி உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது மேலே ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியும். அன்று மேலே ஒன்றும் இல்லை, ஆகவே இல்லை என்று நினைத்தேன். பரீதாவிடம் அன்று மாலை விசாரித்ததில், மேலே வைத்தால் பொட்டலம் கட்டும் முன்பே நான் ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தின்றுவிடுகிறேன் என்பதால், இந்த முறை முந்திரியைப் பாலோடு அரைத்து உள்ளேயே கலந்துவிட்டதாகக் கூறினாள். என் வாய் பொல்லாதது என்பது வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அது அரசாங்கப் பதிவில் ஏறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிரேம் பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தபோது, நேர்காணலைக் கவனிக்கும் அலுவலர் வர்ஷா என்பவர் வந்து அவரை உள்ளே கூட்டிப்போனார். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகச் சொன்ன மகளின் உத்தரவை இங்கே மீறினேன். தேர்வுக் குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். பிரேம் நன்றாகத்தான் ஆரம்பித்தார். சற்று நேரத்தில் கழுத்தைச் சொறிந்தார், தண்ணீர் குடித்தார், பேச்சு குழறியது. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் ஏதோ எழுதிக்கொண்டார். பயத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்தார்கள்போல. அவர் உதடு வீங்கியிருந்தது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. அதன் பிறகு அவர் மேசையைப் பிடித்துக் குனிந்ததும் நான் கதவைத் தள்ளி, "அவருக்கு மூச்சு முட்டுது, பாருங்க!" என்று தமிழிலேயே கத்தினேன். பிரேம் தன் பையைக் காட்டினார். வர்ஷா அதிலிருந்து ஒவ்வாமைக்கு உடனே போடும் ஊசிப் பேனாவை எடுத்து அவர் தொடையில் குத்தினார். முதலுதவி வகுப்புக்குப் போனவராம், அவருக்கு ஆயுசு நீளட்டும். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

அதன் பிறகு வர்ஷா தாழ்வாரத்துக்கு வந்து, யாராவது அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். நான் கை தூக்கினேன். நீங்கள் யார் என்றார். சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து யும்னாவும் வந்து நின்றிருந்தாள். அடாப்டரை அவளிடம் நீட்டி, "இவங்க அத்தா" என்றேன். யும்னா அடாப்டரை வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லாருக்கும் எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்பது இந்த நேர்காணலின் விதி என்று வர்ஷா எனக்கு விளக்கினார். மூன்று பேருக்கும் ஒரே அளவு நேரம், ஒரே கேள்விகள், ஒரே கம்பெனித் தண்ணீர் பாட்டில். "ஒரு கேண்டிடேட்டுக்கு மட்டும் ஸ்நாக்ஸ் கொடுத்தாலே ஃபேர்னஸ் இஷ்யூ ஆயிடும் அங்கிள்" என்றார். மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டேன். அவர் வெளிநாட்டில் இருப்பதாகவும், வீட்டிலிருந்தே திரை வழியாகப் பேசுவார் என்றும், குழுத் தலைவரிடம் முன்பு படித்தவர் என்றும் சொன்னார். அவருக்கு இந்தத் தண்ணீர் பாட்டிலை எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். பழைய வாத்தியாரே மார்க் போடுவது சரியா என்றும் கேட்டேன். "அது டிக்ளேர் பண்ணியாச்சு, அங்கிள். டிக்ளேர் பண்ணிட்டா ஓகே." அறிவித்துவிட்டால் குற்றமில்லையாம். நானும் தம்ரூட்டை ரவை, பால், முட்டை, நெய் என்று அறிவித்துத்தான் கொடுத்தேன். எனக்கு மட்டும் போலீஸ். இதை எழுத வேண்டாம் என்று சார்ஜெண்ட் சொன்னார், எழுதத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு குழு கூடிப் பேசி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே யும்னாவை அழைத்தார்கள். தலைவர் ஆங்கிலத்தில் சொன்னதில் எனக்கு விளங்கியது இது: நடந்தது வருத்தமானது, ஆனால் அன்று மாலைக்குள் பரிந்துரை போயாக வேண்டும், பிரேமை அவர் பேசிய வரைக்கும் வைத்து மதிப்பிடுவார்கள், யும்னா மத்தியானம் திட்டப்படி பேசலாம். பிரேம் குணமாகி வந்து முழுதாகப் பேசட்டும், அதற்கு அப்புறம் தானும் பேசுவதாக யும்னா சொன்னாள். அதற்கு வழியில்லை என்றார் தலைவர். அப்படியானால் தானும் பேசப்போவதில்லை என்றாள். அதை விலகல் என்று பதிவு செய்ய வேண்டியிருக்குமே என்றார். பதிவு செய்துகொள்ளுங்கள் என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் திரும்பாமலே, "அத்தா, நீங்க இன்னிக்குச் செஞ்சது போதும்" என்றாள். மூடிக்கொண்டேன்.

மத்தியானம் திரையில் அந்த மூன்றாமவர் பேசினார். நான் தட்டி வைத்த ஸ்கிரீன் ஒரு தடவைகூட அணையவில்லை. போக மனமில்லாமல் நானும் யும்னாவும் வெளியே உட்கார்ந்திருந்தோம், கைதட்டல் கேட்டது. சேற்று வாளி தூக்கியவள் இங்கே நாற்காலியில், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாதவர் ஆஸ்பத்திரியில், வேலையோ திரையில். விதியை யாரும் மீறவில்லை என்று வர்ஷா சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. யாராவது மீறியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

மாலையில் பிரேமைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகத்தில் வீக்கம் குறைந்திருந்தது. நான் யார் என்பதை யும்னா சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "அங்கிள், போட்டியைக் குறைக்கணும்னா மூணாவது ஆளுக்கும் ஒரு பொட்டலம் பார்சல் அனுப்பியிருக்கணும்" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அது நியாயம்தான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் சொல்லிவிட்டேன் தம்பி என்றேன். "ரொம்ப கான்ஃபிடன்ட்டா சொன்னீங்களே அங்கிள், எங்க புரொஃபசர்ங்க மாதிரியே" என்றார். அதன் பிறகு யும்னாவிடம், "உங்க டாக் எப்படிப் போச்சு?" என்று கேட்டார். "எல்லாத்தையும் தள்ளி வெச்சிருக்காங்க. நீங்க முதல்ல நல்லாகுங்க" என்றாள். அது உண்மையல்ல. வாக்குமூலம் என்பதால் இங்கே சொல்கிறேன், இது பிரேம் காதுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஈசூனுக்குத் திரும்பும் ரயிலில் யும்னா, "நான் செஞ்சது சரிதானே அத்தா?" என்று கேட்டாள். "சரிதாம்மா" என்று சொன்னேன். அவள் என் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். முப்பத்து மூன்று வயதுப் பெண், பெரிய படிப்பு, கண்ணை மூடிக்கொண்டாள். நேற்று அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. தாங்கள் விலகிக்கொண்டதை ஏற்கிறோம், இம்முறை விண்ணப்பித்தவர்களின் தரம் மிக உயர்வாக இருந்தது என்று இருந்தது.

சார்ஜெண்ட் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்: பிரேமுக்குத் தீங்கு நினைத்துக் கொடுக்கவில்லை. யும்னா கொடுக்கச் சொல்லவில்லை, கொடுத்தது அவளுக்குத் தெரியாது. பரீதாவுக்கு பிரேம் யாரென்றே தெரியாது. தவறு முழுக்க என்னுடையது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருவேன், பண்டம் எதுவும் கொண்டுவர மாட்டேன்.

இதுவரை எழுதியதைச் சார்ஜெண்ட் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். யாரும் என்னை மிரட்டவில்லை, எதுவும் தருவதாகச் சொல்லவில்லை, ஒரு கோப்பி கொடுத்தார், அதையும் நான்தான் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அப்துல் அஜீஸ்

கையெழுத்துக்குப் பின் சேர்த்தது: திருத்தவோ சேர்க்கவோ ஏதாவது உண்டா என்று சார்ஜெண்ட் கேட்டார். ரயிலில் என் மகளிடம் "சரிதாம்மா" என்று சொன்னதாக மேலே இருக்கிறது. சொன்னது உண்மை. அத்தனையும் உண்மை என்று கையெழுத்துப் போட்டுவிட்டதால், அந்த நேரத்தில் வாய்வரை வந்து நான் சொல்லாமல் விட்டதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்: நீ பேசிட்டு வந்திருக்கலாம்மா.